அரிசி மூட்டைக்கு டிசைன்: "எடுபடல" என்றால் என்னதான் அர்த்தம்?

கோடும்வண்ணமும் (கேள்வி)

வணக்கம். ஆரணிப் பக்கம் வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ் என்று ஆறு வருடம் ஓடியது, இப்போதுதான் பேக்கிங் வேலை வர ஆரம்பித்திருக்கிறது. ஒரு அரிசி ஆலைக்கு 26 கிலோ சிப்பத்துக்குப் புதுப் பை. (2022 ஜூலையில் 25 கிலோ வரைக்குமான, லேபிள் போட்டு பேக் செய்த மூட்டைக்கெல்லாம் 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது தெரியும்தானே, அதிலிருந்து இந்தப் பக்கம் நிறைய ஆலைகள் 26 கிலோவுக்கு மாறிவிட்டன.) மூன்று மாதமாக இழுக்கிறது.

முதல் நாள் அப்பாவும் மகனும் வந்தார்கள். அப்பா லுங்கி, தோளில் துண்டு, முழங்கை வரைக்கும் தவிட்டுத் தூசி. மகன் சென்னையில் படித்தவர், இஸ்திரி போட்ட சட்டை, கையில் லேப்டாப். நான் என் நாற்காலியை மகன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு பேசினேன். யோசித்துச் செய்யவில்லை, ஆனால் செய்தேன், அது இப்போது உறுத்துகிறது. மகன் "க்ளீனா, பிரீமியமா, நிறைய வெள்ளை இடம் விட்டு" என்றார். செய்து அனுப்பினேன், அவருக்கு ரொம்பப் பிடித்தது. அப்பா போனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா எடுபடல" என்றார்.

ஐந்து முறை மாற்றிவிட்டேன். ஐந்து முறையும் அதே வார்த்தை. எது எடுபடவில்லை ஐயா என்றால் "அத எப்படிம்மா சொல்றது" என்கிறார். இவருக்கு டிசைன் பற்றி என்ன தெரியும் என்று மனசுக்குள் திட்டவும் செய்தேன். வேலைக்கு ஆகிற மாதிரி ஒரு கருத்தை வாடிக்கையாளரிடமிருந்து எப்படி வாங்குகிறீர்கள்? யார் பேச்சைக் கேட்பது?

மண்டித்தெரு

தங்கச்சி, எனக்கு டிசைன் தெரியாது, அரிசிக் கடை வைத்திருக்கிறேன். அவர் சொல்வது எனக்குப் புரிகிறது. கடையில் மூட்டையை நிற்க வைத்து விற்பதில்லை, படுக்க வைத்து அட்டி போடுகிறோம், வாய்ப்பக்கமோ அடிப்பக்கமோதான் வெளியே தெரியும். நீங்கள் அழகாகப் போட்ட முன்பக்கம் மேல் மூட்டைக்கு அடியில் போய்விடும். வருகிறவர்கள் பாதிப் பேர் கம்பெனிப் பேரே சொல்ல மாட்டார்கள், "போன தடவ வாங்கின மயில் மூட்டை", "சிவப்புப் பட்டை போட்டது" என்று கை நீட்டுவார்கள். உங்கள் வெள்ளை மூட்டையை லாரியிலிருந்து இறக்கும்போதே நாலு கை அழுக்கு ஏறிவிடும், அப்புறம் அது பழைய அரிசி என்று ஒதுக்குவார்கள்.

எடுபடல என்றால் அட்டியில் எடுபடல என்று அர்த்தம். அவர் போனில் உங்கள் படத்தைப் பார்க்கவில்லை, கடையில் அடுக்கி வைத்த மாதிரி மனசில் பார்க்கிறார். ஒரு நாள் காலையில் லோடு இறங்குகிற நேரத்தில் ஏதாவது ஒரு மண்டியில் அரைமணி நேரம் நில்லுங்கள்.

சிலிண்டர்ரூம்

பை அச்சடிக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரையில் பை தட்டையாக இருக்கிறது, அரிசி நிரம்பியதும் உருண்டுவிடும், ஓரத்தில் வைத்த எழுத்தெல்லாம் பக்கவாட்டுக்குப் போய்விடும். சாக்கு மேல் நேரடியாக அடிப்பதாக இருந்தால் நெசவு இழை மேடுபள்ளமாக இருக்கும், மெல்லிசான கோடு உடையும், சின்ன எழுத்தில் ண, ன சுழியெல்லாம் மை அடைத்துக்கொள்ளும். மேலே ஃபிலிம் ஒட்டுகிற பை என்றால் போட்டோ மாதிரியே வரும், ஆனால் ஒவ்வொரு கலருக்கும் ஒரு சிலிண்டர் (டிசைனை வெட்டிய அச்சு உருளை), வெட்டிய பிறகு ஒரு எழுத்து மாற்ற வேண்டும் என்றாலும் அந்த சிலிண்டரைத் திரும்பச் செய்ய வேண்டும். அதனால் இழுக்கிறதே என்று கவலைப்படாதீர்கள், இழுக்க வேண்டிய இடம் இதுதான். எடை, விலை, பேக் செய்த மாதம், முகவரி, 14 இலக்க உணவு உரிம எண் எல்லாம் அவர்களை எழுத்தில் தரச் சொல்லுங்கள், போனில் கேட்டு டைப் செய்யாதீர்கள்.

தயவுசெய்து போனில் காட்டாதீர்கள். நிஜ அளவில் ஃபிளெக்ஸில் ஒன்று அடித்து, நிரம்பிய மூட்டை மேல் சுற்றிக் காட்டுங்கள்.

பொடிக்கடைலேபிள்

நாற்காலியைத் திருப்பிப் போட்டதை எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. வீட்டில் மசாலாப் பொடி போட்டு விற்கும் ஒரு தம்பதிக்கு லேபிள் செய்தேன். கணவர் பேண்ட் சட்டையில் வந்து கணக்கெல்லாம் சரளமாகப் பேசினார், அந்த அம்மா நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். எல்லாக் கேள்வியையும் கணவரிடமே கேட்டேன். ஸ்டிக்கர் அடித்து ஒட்டி விற்ற பிறகுதான் தெரிந்தது, சாம்பார் பொடிக்கும் ரசப் பொடிக்கும் ஒரே ஆரஞ்சு, பேரைத் தவிர வித்தியாசமே இல்லை, வாங்கினவர்கள் அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டுப் போன் செய்கிறார்கள். அந்தம்மா முதல் நாளே கவனித்திருக்கிறார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மொத்த ஸ்டிக்கரும் என் செலவில் திரும்ப அடித்தேன்.

அதிலிருந்து "பிடிச்சிருக்கா" என்று யாரையும் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் ஒன்று மரியாதைக்குத் தலையாட்டுவார்கள், இல்லையென்றால் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொல்வார்கள். டிசைனை அஞ்சு விநாடி காட்டி மூடிவிட்டு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்கிறேன். கடைக்காரர் உங்கள் சரக்கை என்ன சொல்லிக் கேட்பார், போன பையில் யாராவது குறை சொன்னார்களா, இப்படித்தான் என் கேள்விகள். "பேரைப் பெரிசாக்கு" என்று சொன்னால் உடனே பெரிசாக்காமல் எங்கே நின்று பார்க்கும்போது சின்னதாகத் தெரிகிறது என்று கேளுங்கள். பல நேரம் பேர் சின்னதில்லை, பின்னால் இருக்கும் கலர் அதை விழுங்கியிருக்கும்.

ரெண்டுபக்கமும்

ஒரு சின்ன மறுப்பு. லுங்கி கட்டினவர் சொல்வதெல்லாம் அனுபவ வார்த்தை, லேப்டாப் வைத்திருப்பவர் சொல்வதெல்லாம் வெற்றுப் பேச்சு என்று திருப்பிப் போட்டால் அதுவும் ஆளைப் பார்த்து எடை போடுவதுதான். அந்தப் பையன் எந்தக் கடையை மனதில் வைத்துப் பேசுகிறார் என்று கேட்டீர்களா? சூப்பர் மார்க்கெட்டில் 5 கிலோ பை தட்டில் நிற்கும், முன்பக்கம் முழுசாகத் தெரியும், எடுப்பவர் கையில் வைத்துப் படிப்பார். அங்கே அவர் கேட்கும் வெள்ளை சரியாகக்கூட இருக்கலாம். ஒரே பையைப் பற்றித்தான் ரெண்டு பேரும் பேசுகிறார்களா என்றே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

கோடும்வண்ணமும்

எல்லாருக்கும் நன்றி, மனசாரச் சொல்கிறேன். பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

மகனிடம் கேட்டேன், ஆமாம், அவர் 5 கிலோ பையைத்தான் நினைத்திருக்கிறார், அது அடுத்த வருடத் திட்டமாம். அப்பாவுடன் மண்டிக்குப் போனேன். ஃபிளெக்ஸைச் சுற்றிய மூட்டையை மூன்றாவது வரிசையில் வைக்கச் சொல்லிவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார், நானும் நின்றேன். என் டிசைன் அங்கே இல்லவே இல்லை. வெள்ளையாக ஒரு ஓட்டை மாதிரி இருந்தது. "இப்பப் பாரும்மா" என்று பக்கத்து அட்டியில் இருந்த ஒரு பச்சை மூட்டையைக் காட்டினார், ரெண்டு முனையிலும் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை, அதற்குள் குட்டியாக ஒரு யானை. வேறு எதுவும் அவர் விளக்கவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை. திரும்பும்போது சாரி ஐயா என்றேன், எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.

இப்போது ரெண்டு முனையிலும் கருநீலப் பட்டை, அதற்குள் அவர்களுடைய பழைய கிளிப் படம், நடுவில் பேர். 5 கிலோ பை தனி வேலையாகப் பேசியிருக்கிறோம். சிலிண்டர்ரூம் அண்ணா, ஒரு சந்தேகம்: வாய்ப்பக்கம் மடித்துத் தைக்கும்போது பட்டையில் எவ்வளவு உள்ளே போகும்? கிளியின் தலை தையலில் மாட்டிக்கொள்ளக் கூடாது.