ஆசாரி மேல் கேஸ் போடுவார்களா?

குழு: மேலத்தெரு குடும்பம்

சுந்தரம் பெரியப்பா: (பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது) அமெரிக்காவில் யார் யாரைச் சுட்டாலும் துப்பாக்கிக் கம்பெனி மீது வழக்கே போட முடியாது!! அதற்கென்றே தனிச் சட்டம்!! அனைவருக்கும் பகிரவும் 🙏

சுந்தரம் பெரியப்பா: கீதா, நீ அங்கேதானே இருக்கிறாய். இது நிஜமா?

ராஜி அத்தை: அண்ணா, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக இதுதான் கிடைத்ததா?

கீதா: முக்கால்வாசி நிஜம் பெரியப்பா. 2005-ல் ஜார்ஜ் புஷ் கையெழுத்துப் போட்ட சட்டம். ஒரு குற்றவாளி துப்பாக்கியை வைத்துச் செய்த காரியத்துக்காக, அதைத் தயாரித்தவரிடமோ விற்றவரிடமோ நஷ்டஈடு கேட்க முடியாது. சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு.

சுந்தரம் பெரியப்பா: நியாயம்தானே? நம் ஊரில் வெட்டுக்குத்து நடந்தால் அரிவாள் அடித்துக் கொடுத்த ஆசாரி மேலா கேஸ் போடுகிறோம்?

கார்த்தி: பெரியப்பா பாயிண்ட் 👏👏

கீதா: அந்த ஆசாரி பட்டறை வாசலில் ‘இதை வாங்கு, அப்போதுதான் நீ ஆம்பளை’ என்று போர்டு மாட்டியிருந்தால்?

சுந்தரம் பெரியப்பா: எவன் மாட்டுவான் அப்படி?

கீதா: ரெமிங்டன் என்ற துப்பாக்கிக் கம்பெனி மாட்டியது. அவர்களுடைய புஷ்மாஸ்டர் ரைஃபிளுக்கு ஒரு விளம்பரம். பெரிதாகத் துப்பாக்கிப் படம், பக்கத்தில் ‘உன் ஆம்பளை கார்டு திரும்பக் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்’ என்ற அர்த்தத்தில் ஒரு வரி. அதே ரகத் துப்பாக்கியோடுதான் 2012 டிசம்பர் 14 அன்று 20 வயதுப் பையன் ஒருவன் கனெக்டிகட் மாநிலம் நியூடவுனில் சாண்டி ஹூக் பள்ளிக்குள் போனான். 20 குழந்தைகள், 6 பெரியவர்கள். குழந்தைகள் எல்லாம் ஆறு, ஏழு வயது.

ராஜி அத்தை: ஐயோ கடவுளே.

சுந்தரம் பெரியப்பா: துப்பாக்கி அவனுக்கு எப்படிக் கிடைத்தது?

கீதா: அவன் அம்மா முறைப்படி கடையில் வாங்கியது. முதலில் வீட்டில் அந்த அம்மாவைச் சுட்டுவிட்டுத்தான் பள்ளிக்கே போனான்.

சுந்தரம் பெரியப்பா: முறைப்படி விற்றிருக்கிறார்கள் என்றால் கம்பெனி மேல் என்ன தப்பு? மூர்த்தி, நீ சொல்லு.

வக்கீல் மூர்த்தி சித்தப்பா: வந்துவிட்டேன் அண்ணா. துப்பாக்கி செய்தது தப்பு என்று கேஸ் போட்டிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் போட்ட கேஸ் கீழ்க்கோர்ட்டில் 2016-ல் தள்ளுபடியும் ஆனது. ஆனால் அந்த 2005 சட்டத்தில் ஓர் இடுக்கு இருக்கிறது. விற்பனைக்கோ விளம்பரத்துக்கோ பொருந்தும் ஒரு சட்டத்தைக் கம்பெனி தெரிந்தே மீறி, அதனால் பாதிப்பு வந்திருந்தால் பாதுகாப்பு கிடையாது. கனெக்டிகட் மாநிலத்தில் நியாயமற்ற வணிக நடைமுறைக்கு எதிராக ஒரு சட்டம் உண்டு, நம் நுகர்வோர் சட்டம் மாதிரி. குடும்பங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. போர் ஆயுதம் மாதிரியான ஒன்றை, நீ தனியாளாகவே எதிரிகளைச் சமாளிக்கலாம் என்ற தோரணையில் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்தீர்களே, அது சரியா என்பதுதான் கேள்வி. மாநில உச்ச நீதிமன்றம் 2019-ல் 4-க்கு 3 என்று அனுமதித்தது. கம்பெனி வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது, அங்கே எடுக்க மறுத்துவிட்டார்கள்.

கார்த்தி: ஒரே ஒரு ஓட்டு!

கீதா: அதற்கப்புறம் கம்பெனி தரப்பு செய்ததைக் கேளுங்கள். விளம்பர ஆவணங்களைக் கொடு என்று கேட்டதற்கு, வந்த குவியலில் 18,000-க்கும் மேற்பட்ட சம்பந்தமில்லாத கார்ட்டூன் படங்கள் இருந்ததாகக் குடும்பங்களின் வக்கீல்கள் கோர்ட்டில் சொன்னார்கள். கோ-கார்ட் ஓட்டுகிறவர்கள் படம், சாண்டா கிளாஸ் படம்கூட.

கீதா: 2021-ல் இன்னும் மோசம். இறந்துபோன குழந்தைகளில் ஐந்து பேருடைய பள்ளிப் பதிவேடுகளைக் கேட்டு சப்போனா (கோர்ட் மூலமான உத்தரவு) அனுப்பினார்கள். மார்க் ஷீட், வருகைப் பதிவு, ஒழுங்கு நடவடிக்கை விவரம் எல்லாம்.

ராஜி அத்தை: ஒன்றாங்கிளாஸ் குழந்தைக்கு என்ன ஒழுங்கு நடவடிக்கை? படிக்கவே வயிற்றைப் பிசைகிறது.

சுந்தரம் பெரியப்பா: எதற்கு அது?

வக்கீல் மூர்த்தி சித்தப்பா: நஷ்டஈட்டுத் தொகையைப் பேரம் பேசத்தான் இருக்கும், வேறென்ன. எதிர்த்தரப்பு வக்கீல் எதையும் கேட்பார். இதை நான்கூடக் கேட்க மாட்டேன்.

கீதா: கடைசியில் 2022 பிப்ரவரியில் 7.3 கோடி டாலருக்கு ஒன்பது குடும்பங்களோடு சமாதானம். ரெமிங்டன் அதற்குள் இரண்டு முறை திவால், பணம் கட்டியது இன்சூரன்ஸ் கம்பெனிகள். கம்பெனியின் உள் ஆவணங்களை வெளியிடலாம் என்பதையும் குடும்பங்கள் கேட்டு வாங்கின.

வக்கீல் மூர்த்தி சித்தப்பா: இதைப் பார்த்து எல்லோரும் ஜெயிக்கலாம் என்று நினைக்காதே கார்த்தி. அதே 2012-ல் கொலராடோ மாநிலம் அரோராவில் தியேட்டரில் சுட்டானே, அவனுக்கு ஆன்லைனில் 4,000-க்கும் மேல் தோட்டா விற்றவர்கள் மீது, மகளைப் பறிகொடுத்த பெற்றோர் கேஸ் போட்டார்கள். தள்ளுபடி. அதோடு எதிர்த்தரப்பு வக்கீல் செலவு 2 லட்சம் டாலருக்கு மேல் அவர்கள் தலையில் விழுந்தது.

ராஜி அத்தை: பிள்ளையையும் கொடுத்துவிட்டுக் காசும் கட்ட வேண்டுமா?? என்ன கோர்ட் இது மூர்த்தி?

கார்த்தி: சித்தப்பா, மெக்சிகோ அரசாங்கமே கேஸ் போட்டதே?

வக்கீல் மூர்த்தி சித்தப்பா: 2021-ல் அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனிகள் மீது போட்டது. அந்த நாடு முழுவதற்கும் இருந்ததே ஒன்றிரண்டு துப்பாக்கிக் கடைதான், அதுவும் ராணுவம் நடத்துவது. ஆனாலும் கடத்தல் கும்பல்களிடம் அமெரிக்கத் துப்பாக்கிகள் குவிந்து கிடக்கின்றன. தெரிந்தே கடத்தலுக்குத் துணைபோகிறீர்கள் என்று 1,000 கோடி டாலர் கேட்டார்கள். 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக முடியாது என்றார்கள். தீர்ப்பு எழுதியது எலினா கேகன், லிபரல் பக்கத்து நீதிபதி. சில கடைகள் தப்பாக விற்கின்றன என்று பொதுவாகத் தெரிந்திருந்தால் போதாது, உடந்தையாக இருந்ததைக் காட்ட வேண்டும் என்பது அவர் வாதம். சட்டப்படி எனக்கு அது சரியாகவே படுகிறது.

கீதா: எனக்குப் படவில்லை சித்தப்பா. எந்தக் கடை மோசம் என்று தெரிந்தும் அதே கடைக்குச் சரக்குப் போய்க்கொண்டே இருந்தால் வேறு என்ன சொல்வது?

சுந்தரம் பெரியப்பா: கம்பெனி தூரத்தில் இருக்கிறது, விடு. நேரே கையில் கொடுக்கிறானே கடைக்காரன், அவன்?

வக்கீல் மூர்த்தி சித்தப்பா: அவன் மாட்டுவான் அண்ணா. மில்வாக்கியில் பேட்ஜர் கன்ஸ் என்று ஒரு கடை. 2009-ல் 18 வயதுப் பையன் ஒருவன் 21 வயதுக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தான். 21 ஆகாதவனுக்குக் கடையில் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது. கை நீட்டிக் காட்டியது சின்னவன், ஃபாரம் எழுதியது பெரியவன். பினாமி! அதற்குக் கூலி 40 டாலர். அடுத்த மாதமே அந்தத் துப்பாக்கியால் இரண்டு போலீஸ்காரர்கள் முகத்தில் சுடப்பட்டார்கள். பிழைத்தது பெரிது. 2015-ல் ஜூரி கடைமேல் கிட்டத்தட்ட 60 லட்சம் டாலர் போட்டது.

சுந்தரம் பெரியப்பா: இது சரியான தீர்ப்பு. கண்ணெதிரே நடந்திருக்கிறதே. அந்த 40 டாலர்காரன் என்ன ஆனான்?

வக்கீல் மூர்த்தி சித்தப்பா: 2 வருடம் சிறை. சுட்டவனுக்கு 80 வருடம்.

கார்த்தி: கடை 60 லட்சத்தையும் கட்டியதா?

வக்கீல் மூர்த்தி சித்தப்பா: இல்லை. 10 லட்சத்தில் சமாதானமாகிவிட்டார்கள்.

சுந்தரம் பெரியப்பா: அங்கேயும் அப்படித்தானா!