புதுப்பிப்பு: நெல் காலஸ் கடைசியில் பச்சை விட்டது

முதிர்ந்த நெல் விதையிலிருந்து எடுத்த காலஸ் (வேர், தளிர் என்று இன்னும் உருவம் பெறாத செல் திரள்) பெருத்துக்கொண்டே போகிறது, தளிர் மட்டும் வரவில்லை என்று போன முறை புலம்பியிருந்தேன். தப்பு என்னுடையதுதான். காலஸ் உருவாக லிட்டருக்கு 2 மி.கி. 2,4-டி (ஆக்சின் வகை வளர்ச்சி ஹார்மோன்) போட்டது சரி. ஆனால் தளிர் வரவேண்டிய ஊடகத்திலும் (காலஸ் வளரும் சத்துக் கலவை) அதைக் கொஞ்சம் விட்டுவைத்திருந்தேன். அந்த ஆக்சின் இருக்கும்வரை செல்கள் பிரிந்துகொண்டேதான் இருக்கும்; காலஸில் உருவாகும் கரு முதிர்ந்து முளைப்பது தடைப்படும்.

இந்த முறை 2,4-டியை அடியோடு நீக்கி, தளிரைத் தூண்டும் ஹார்மோனான கைனடின் லிட்டருக்கு 2 மி.கி., என்ஏஏ என்ற வேறொரு ஆக்சின் மிகக் குறைவாகச் சேர்த்து வெளிச்சத்தில் வைத்தேன். மூன்றாம் வாரம் பச்சைப் புள்ளிகள்!

அப்புறம், வெளிர்மஞ்சளாக, இறுக்கமாக, முடிச்சு முடிச்சாக இருந்த காலஸ்தான் தளிர்த்தது. நீர்கோத்துக் கொழகொழவென்று இருந்தவை எதற்கும் மசியவில்லை. அவற்றைத் தூக்கிப்போட்டுவிட்டேன். வேர் விட ஹார்மோனே தேவைப்படவில்லை. இரண்டு தளிர்கள் மட்டும் பச்சையமே இல்லாமல் வெள்ளையாக நிற்கின்றன.