ஓநாயின் வாக்குமூலத்தைச் சிறுவர்களுக்கு எப்படிக் காட்டுவது?

கோத்தகிரி வாசகி:
கோத்தகிரிக்கு அருகே தேயிலைத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் ஞாயிறுதோறும் சிறுவர்களைக் கூட்டி, கதை சொல்லியும் பழைய கார்ட்டூன்களைத் திரையிட்டும் வருகிறோம். 1941-ஆம் ஆண்டு வார்னர் பிரதர்ஸ் வெளியீடாக ஃபிரிஸ் ஃபிரெலெங் இயக்கிய ‘தி டிரையல் ஆஃப் மிஸ்டர் வுல்ஃப்’ படத்தை அடுத்துக் காட்ட விரும்புகிறேன். பாட்டியையும் அவளைப் பார்க்கப் போகும் பேத்தியையும் ஓநாய் ஏமாற்றி விழுங்கும் சிவப்பு முக்காட்டுச் சிறுமியின் கதையில் வரும் அதே ஓநாய், இதில் குற்றவாளிக் கூண்டில் நின்று தன் தரப்பைச் சொல்கிறது. தான் ஒன்றுமறியாத அப்பாவி என்றும், சிறுமிதான் தன்னை ஆசை காட்டிப் பாட்டியின் வீட்டுக்கு அழைத்துச் சென்றாள் என்றும், ஓநாய்த் தோலில் மேலங்கி செய்யும் அந்தப் பாட்டி தன்னைக் கொல்லப் பார்த்தாள் என்றும் அது சாதிக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு, வாய்ச் சாதுரியம் உள்ளவன் எதையும் நியாயப்படுத்தலாம் என்று எடுத்துக்கொள்வார்களோ என்ற கவலை எனக்கு இருக்கிறது. மூலக்கதையை முன்னால் சொல்ல வேண்டுமா, பின்னால் சொல்ல வேண்டுமா?

குன்னூர் ஆசிரியர் (ஓய்வு):
அம்மா, மூலக்கதையைக் கட்டாயம் முன்னால் சொல்லுங்கள். அது தெரியாத பிள்ளைக்கு இந்தப் படத்தில் பாதி நகைச்சுவை விளங்காது. ஆனால் எந்த மூலக்கதை என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். 1697-இல் எழுத்தாளர் பெரோ அச்சிட்ட பிரெஞ்சு வடிவத்தில் சிறுமியை ஓநாய் விழுங்குவதோடு கதை முடிந்துவிடுகிறது. வேட்டைக்காரன் வந்து வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றுவது 1812-இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட வடிவத்தில்தான் வருகிறது. சிறுவர்களுக்குப் பின்னதே ஏற்றது.

உங்கள் கவலையை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். ஒருவன் வாயால் சொல்லும் பொய்யைக் கேட்கும்போது நம் மனம் சற்று விலகி நின்று எடை போடுகிறது. அதே பொய் திரையில் காட்சியாக விரியும்போது, நாம் நேரில் கண்டதைப் போலவே அதை ஏற்றுக்கொள்கிறோம். இந்தப் படத்தின் உயிரே அங்குதான் இருக்கிறது: ஓநாய் பேசத் தொடங்கியதும் நீதிமன்றம் மறைந்து, அது சொல்வதெல்லாம் நடந்ததாகவே நம் முன் ஓடுகிறது. எனவே படம் முடிந்ததும், ‘யார் நல்லவர்?’ என்று கேட்காமல், ‘இந்தக் காட்சியை நமக்குக் காட்டியது யார்?’ என்று கேளுங்கள். எட்டு வயதுப் பிள்ளை இதற்குத் தெளிவாகவே பதில் சொல்லும். வகுப்பில் நான் கண்ட உண்மை இது.

கூடலூர் வனவிரும்பி:
ஆசிரியர் ஐயா சொல்வதை ஏற்கிறேன்; ஆயினும் அந்த ஓநாய் சொல்வது முழுவதும் பொய் என்று பிள்ளைகளிடம் தீர்ப்பளித்துவிட வேண்டாம். தோலுக்காகவும் பரிசுப் பணத்துக்காகவும் மனிதர்கள் ஓநாய்களைக் கொன்றது வரலாறு. ராபர்ட் மெக்கிம்சன் 1952-இல் இயக்கிய ‘தி டர்ன்-டேல் வுல்ஃப்’ என்ற கார்ட்டூனில், மூன்று பன்றிக்குட்டிகள்தாம் தன்னைக் கொடுமைப்படுத்தின என்று ஓநாய் தன் மருமகனிடம் கதை சொல்லும்போது, ஓநாய் வாலுக்கு அறிவிக்கப்பட்ட பரிசும் அந்தக் கதைக்குள் வருகிறது.

நம் காட்டில் ஓநாயைப் பார்ப்பது மிக அரிது. அதன் இடத்தில் வைத்துப் பேச நமக்குச் செந்நாய் இருக்கிறது. மானைக் கூட்டமாகத் துரத்தி, உயிர் போகும் முன்பே கிழித்துத் தின்னும் பழக்கத்தால் அதைக் கொடிய விலங்கென்று வெறுத்த வெள்ளைக்காரர் ஆட்சி, அதைக் கொல்பவர்களுக்குப் பரிசு கொடுத்தது. அந்த வழக்கம் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வரை நீடித்தது. இருபது கிலோவுக்கு மேல் பெரும்பாலும் எடை போகாத அந்த விலங்கு மனிதரைத் தாக்குவது மிக அரிது. முதுமலைப் பக்கம் அதைப் பார்த்திருக்கும் பிள்ளைகள் உங்கள் கூட்டத்திலேயே இருக்கலாம். செந்நாய் கூண்டில் ஏறினால் என்ன சொல்லும் என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.

உதகை கம்பன் அன்பர்:
எதிர்த்தரப்பைப் பேசவிடுவது நமக்குப் புதிதன்று. மறைந்து நின்று அம்பெய்த இராமனை வீழ்ந்து கிடக்கும் வாலி கேள்விமேல் கேள்வியாகக் கேட்பதைக் கம்பர் எவ்வளவு இடம் கொடுத்துப் பாடியிருக்கிறார்! ஏன் மறைந்து நின்றாய் என்ற கேள்விக்கு இராமன் அல்லாமல் இலக்குவனே விடை சொல்கிறான். அந்த விடை போதுமா என்று இன்றும் பட்டிமன்றங்களில் வாதிடுகிறோம்.

அந்த அளவுகோலால் பார்க்கும்போது இந்தக் கார்ட்டூனின் முடிவு எனக்குக் குறையாகவே படுகிறது. தான் சொன்னது உண்மையில்லை என்றால் தன்மேல் டிராம் வண்டி ஏறட்டும் என்று ஓநாய் சபதம் செய்ய, நீதிமன்றச் சுவரை இடித்துக்கொண்டு டிராம் வந்து மோதுகிறது. சற்று மிகைப்படுத்திவிட்டேன் போலும் என்று ஓநாயும் ஒப்புக்கொள்கிறது. சிரிக்கத்தக்க முடிவுதான். ஆனால் தீர்ப்பைப் பார்ப்பவர் கையிலிருந்து பறித்துவிடுகிறது. டிராம் வருவதற்கு முன்பே படத்தை நிறுத்திப் பிள்ளைகளிடம் தீர்ப்புக் கேளுங்கள்.

குன்னூர் ஆசிரியர் (ஓய்வு):
முடிவை வெட்ட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அப்பாவி என்று வாதிட்ட ஓநாய், மோதிய பிறகும் ‘சற்று’ என்றுதான் சொல்கிறது. எந்தப் பகுதி மிகை, எந்தப் பகுதி மெய் என்பதை அது சொல்லவே இல்லை. படத்தில் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருக்கும் நடுவர் குழுவிலும் ஓநாய்களே நிறைந்திருப்பதைப் பிள்ளைகள் கவனிக்கட்டும்: சொந்த இனத்தார் தீர்ப்புச் சொல்வது முறையா என்ற கேள்வி டிராமுக்குப் பின்னும் அப்படியே நிற்கிறது.

கோத்தகிரி வாசகி:
மூவருக்கும் நன்றி. படம் ஏறத்தாழ ஏழு நிமிடமே ஓடுவதால் இரண்டு முறை காட்ட நேரம் இருக்கும். கிரிம் வடிவத்தை முதலில் சொல்லிவிட்டு, கம்பன் அன்பர் கேட்டபடி டிராம் வருவதற்கு முன்பே நிறுத்தித் தீர்ப்பை எழுதி வாங்குகிறேன். பிறகு முழுப்படத்தையும் ஓட்டி, தீர்ப்பை மாற்ற விரும்புபவர்கள் மாற்றிக்கொள்ள இடம் தருகிறேன். செந்நாயின் வாக்குமூலத்தை அதற்கடுத்த ஞாயிற்றுக்கு வைத்துக்கொள்கிறோம். கூடலூர் நண்பர் அன்று வந்து பிள்ளைகளின் ஐயங்களுக்கு விடை சொல்ல இயலுமா?