புதுப்பிப்பு: இதய பைபாஸ் முடிந்து திருகோணமலை திரும்பிய பின் சிறுநீரகம்

இதய சத்திரசிகிச்சைக்கு முன் சிறுநீரகத்தைக் காப்பது பற்றி எழுதியிருந்தேன். வலிக்கு எந்தக் குளிசை என்று பலர் கேட்டிருந்தீர்கள். டைக்குளோபெனாக், ஐபுபுரோபென் வேண்டவே வேண்டாம். சிறுநீரகத்துக்குள் இரத்தம் போகும் நுண்ணிய நாளத்தை இவை சுருக்கிவிடும். பாமசியில் 'மூட்டு வலி' என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் இவைதான் கைக்கு வரும். பைபாஸ் செய்ததை முதலில் சொல்லுங்கள். பரசிட்டமோல், வைத்தியர் சொன்ன அளவில்.

கச்சான் (சூடான தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் வாந்தி, வயிற்றோட்டம் வந்தால், சிறுநீர் போகவைக்கும் குளிசையைத் தொடர்வதா என்று அன்றே கிளினிக்கில் கேளுங்கள்.

இன்னொன்று: கிரியேற்றினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு; இரத்தப் பரிசோதனையில் பார்ப்பது) 0.7 mg/dLஇலிருந்து 48 மணித்தியாலத்துக்குள் 1.0 ஆனால், ரிப்போர்ட்டில் 'நோர்மல்' என்றிருந்தாலும் அது சிறுநீரகப் பாதிப்புத்தான். பழைய ரிப்போர்ட் கையில் இல்லாவிட்டால் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.