எலி மூளையின் இரண்டு சுரப்புகள்: பல்ஸுக்கும் சர்ஜுக்கும் என்ன சொல்லலாம்?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

வணக்கம். எலிகளின் இனப்பெருக்க ஹார்மோன்களை மூளை எப்படி ஆட்டிவைக்கிறது என்று கல்லூரி மாணவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடி வண்டி நின்றுவிட்டது. ஒன்று பல்ஸ், மற்றொன்று சர்ஜ். முதல் வரைவில் இரண்டையும் 'அதிகரிப்பு' என்றே எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த மாணவி ஒருத்தி, "அப்படியானால் எலிக்கு எப்போதும் அதிகரித்துக்கொண்டே இருக்குமா சார்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சுண்டெலியின் மூளையில் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கும் நரம்புச் செல்கள் ஏறத்தாழ ஆயிரம்தான். கருவில் இவை மூக்குப் பகுதியில் தோன்றி, பிறகு மூளைக்குள் நடந்து போய்ச் சேர்கின்றன. அங்கும் ஓரிடத்தில் கூடி உட்காராமல் சிதறிக் கிடக்கின்றன. ஹார்மோனோ பத்தே அமினோ அமிலங்கள் கொண்ட சிறு சங்கிலி. அதன் அமைப்பை 1971-இல் ஷாலியும் கில்லமினும் தனித்தனிக் குழுக்களாகப் போட்டி போட்டுக்கொண்டு வெளியிட்டார்கள்; 1977-இல் நோபல் பரிசை ரோசலின் யாலோவுடன் பகிர்ந்துகொண்டார்கள். மூளையின் அடித்தளத்திலுள்ள நுண்குழாய்கள் வழியாக இந்த ஹார்மோன் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி என்ற சுரப்பிக்கு இறங்குகிறது. பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் விடுகிறது. அவை சூலகத்தையோ விந்தகத்தையோ போய் எழுப்புகின்றன.

இறங்கும் விதத்தில்தான் சிக்கல். சாதாரண நாள்களில் அது சொட்டுச் சொட்டாகவும் வருவதில்லை, ஓடையாகவும் வருவதில்லை. ஒரு வீச்சு, பிறகு அமைதி, மறுபடி ஒரு வீச்சு. சூலகம் நீக்கப்பட்ட எலியில் அரை மணிக்குள் ஒன்று வந்துவிடும். இதுதான் பல்ஸ். பெண் எலிக்கு நான்கு அல்லது ஐந்து நாளுக்கு ஒருமுறை, சினைப்பருவத்துக்கு முந்தைய நாள் பிற்பகலில், இந்தக் கணக்கையெல்லாம் மீறி எல்.எச். பல மடங்கு எழுந்து சில மணி நேரம் நிற்கும். அதன் பிறகே முட்டை வெளிப்படும். இது சர்ஜ்.

பல்ஸுக்கு என் முன்மொழிவு 'பீச்சல்'. பால் கறக்கும்போது ஒவ்வொரு பிடிக்கும் ஒரு பீச்சு, நடுவே ஓர் இடைவெளி. 'சுரத்தல்' என்ற வினையே மடியிலிருந்து வந்து நம் கலைச்சொல்லாக நிலைத்ததுதானே? உடலியலும் துணைக்கு வருகிறது. குட்டிகள் எவ்வளவு விடாமல் சப்பினாலும் தாய் எலியின் மூளை, பாலை வெளியேற்றும் ஆக்ஸிடோசின் ஹார்மோனை ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் விடும் என்று 1970-களிலேயே காட்டிவிட்டார்கள். சர்ஜுக்கு 'எழுச்சி' என்று எழுதலாம் என்றால், மேடையில் யாரோ முழங்குவது போலிருக்கிறது. உங்கள் கருத்து வேண்டும்.

ஒரு வேண்டுகோள். பல்ஸ் என்பதற்கு அகராதியில் 'பருப்பு' என்றும் இருக்கிறது என்று யாரும் நினைவூட்ட வேண்டாம். அந்த நகைச்சுவை முடிந்துபோனது.

*

தம்பிக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் உயிரியல் படிப்பித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். 'பீச்சல்' வேண்டாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு நீங்கள் ஒருநாள் வகுப்பு நடத்திப் பாருங்கள். பால் யாருடைய நினைவுக்கும் வராது, வயிற்றுப்போக்குத்தான் வரும். பொருள் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் வகுப்பறையில் சிரிப்பு எழுப்பும் சொல் நிலைக்காது.

'துடிப்பு' என்று பலரும் எழுதுகிறார்கள். அதிலும் எனக்கு மனமில்லை. இதயம் துடிக்கிறது என்றால் நம் காதில் விழுவது துடிப்பு மட்டுமே. இடைவெளியை யாரும் கவனிப்பதில்லை. இந்த ஓமோனிலோ இடைவெளிக்குத்தான் முழு மதிப்பும். உடலியலாளர் எர்ன்ஸ்ட் நோபிலின் குழுவினர் 1978-இல் ரீசஸ் குரங்குகளில் செய்த சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூளைப் பகுதியைச் சேதப்படுத்திவிட்டு, மணிக்கு ஒருமுறை ஆறு நிமிடம் மட்டும் ஓமோனைச் செலுத்தினார்கள். கபச்சுரப்பி, அதாவது உங்கள் பிட்யூட்டரி, ஒழுங்காக வேலை செய்தது. அதே ஓமோனை விடாமல் செலுத்தினார்கள், சுரப்பி ஓய்ந்துவிட்டது. முன்னிற்கும் சுரப்பி (புரோஸ்டேட்) புற்றுநோய்க்கு இன்று கொடுக்கும் ஊசி மருந்துகள் சில இந்த விந்தையை வைத்துத்தான் வேலை செய்கின்றன. தூண்டும் மருந்தையே ஓயாமல் கொடுத்து அடக்குகிறார்கள்.

எங்கள் பக்கம் வற்றாத ஆறு கிடையாது. பங்குக் கிணறுதான். இன்று யாருடைய முறை என்று கேட்டுத்தான் இறைப்பார்கள். ஓயாமல் இறைத்தால் கிணறு வற்றும், இல்லாவிட்டால் உவர்க்கும். விட்டுவிட்டு வரும் காய்ச்சலை முன்னோர் 'முறைக்காய்ச்சல்' என்றார்கள். அந்த வழியில் 'முறைச்சுரப்பு' என்று சொல்லிப் பாருங்கள். மணிக்கு எத்தனை முறை என்று கேட்டால் அதிர்வெண்ணுக்கு வேறு சொல் தேட வேண்டியதில்லை.

நீங்கள் 'பிட்யூட்டரி' என்று எழுதுவதையும் கண்டேன். எங்கள் பாடநூலில் கபச்சுரப்பி.

*

ஐயா,

'முறைச்சுரப்பு' என்பதை இரண்டு நாள் வாயில் போட்டு மென்று பார்த்தேன். முதலில் 'முறையான சுரப்பு' என்று பொருள் கொள்வார்களோ என்று பயந்தேன். வாக்கியத்தில் வைத்ததும் பயம் போய்விட்டது. "வேகமான முறைச்சுரப்பு எல்.எச்.ஐக் கூட்டும், மந்தமான முறைச்சுரப்பு எஃப்.எஸ்.எச்.க்குச் சாதகம்" என்று எழுதினால் தடங்கலே இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் அணை நீரை முறைவைத்து விடுவதைச் செய்தித்தாள்களும் 'முறைப்பாசனம்' என்றே எழுதுகின்றன. பீச்சலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

உவமையில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம். இங்கே ஓய்வது கிணறு இல்லை, வயல்தான். மூளையிலிருந்து வரும் ஹார்மோன் வற்றுவதில்லை. அதை வாங்கிக்கொள்ளும் பிட்யூட்டரி செல்கள்தான் ஓயாத நீரில் வேர் அழுகுவது போல, ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் தங்கள் ஏற்பிகளைக் குறைத்துக்கொண்டு செவிடாகிவிடுகின்றன.

கபச்சுரப்பி விஷயத்தில் மன்னியுங்கள், உடன்பட முடியவில்லை. மூளையின் சளி இந்த வழியாக மூக்குக்கு வடிகிறது என்று கேலன் காலத்தில் நம்பினார்கள். லத்தீன் பெயர் அந்தத் தவறின் மிச்சம். நாம் அதை நம் கபத்தோடு சேர்த்து மொழிபெயர்த்து வைத்துக்கொண்டோம். பிழையை ஒலிபெயர்த்தால் குறைந்தது பொருள் தெரியாமல் போகும். அதுவும் ஒரு பாதுகாப்பு. அதே காரணத்துக்காக, ஜி.என்.ஆர்.எச். செல்களைத் தூண்டும் கிஸ்பெப்டின் என்ற மூளைப் பொருளின் பெயரையும் தொடவில்லை. அதன் மரபணுவை 1996-இல் கண்டுபிடித்தது பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில். ஊரின் பெயர்பெற்ற கிஸ்ஸஸ் சாக்லேட்டை நினைத்து கிஸ்-1 என்று வைத்தார்கள். அப்போது அது புற்றுநோய் பரவலை அடக்கும் மரபணு. இனப்பெருக்கத்தோடு அதற்குள்ள உறவு 2003-இல்தான் தெரிந்தது. நண்பர் ஒருவர் 'முத்தப்புரதம்' என்று எழுதலாம் என்றார். சாக்லேட்டுக்கு வைத்த பெயரைக் கவிதையாக்க எனக்கு விருப்பமில்லை.

இனி சர்ஜ். இதற்கு 'பொங்குசுரப்பு' என்று முன்வைக்கிறேன். அடுப்பில் பால் நெடுநேரம் சும்மா கிடக்கும். சூடு ஓர் எல்லையைத் தொட்டதும் ஒரே எழும்பல். எலியிலும் சூலகம் நாள் கணக்கில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கூட்டிக்கொண்டே போகிறது. அதுவரை மூளையை அடக்கிவைத்த அதே ஈஸ்ட்ரோஜன், ஓர் அளவைக் கடந்ததும் எதிர்த்திசையில் வேலை செய்து மூளையைக் கிளப்பிவிடுகிறது. ஜி.என்.ஆர்.எச். செல்களில் ஈஸ்ட்ரோஜனின் ஆல்ஃபா ஏற்பி இல்லை. அந்தச் செய்தியை வாங்கித் தருபவை கிஸ்பெப்டின் செல்கள். அவற்றில் இரண்டு கூட்டம். கீழே, வில்வடிவக் கரு என்ற நரம்புச் செல் திரளில் இருப்பவை முறைச்சுரப்பை நடத்துகின்றன. ஒளியால் நரம்புச் செல்களை இயக்கும் நுட்பத்தைக் கொண்டு நரம்பியலாளர் ஹெர்பிசனின் குழுவினர் 2017-இல் சுண்டெலியில் இதை உறுதிப்படுத்தினார்கள். முன்பக்கம் இருக்கும் மற்றொரு கூட்டம் பொங்குசுரப்புக்கு உரியது. பெண்ணிடம் அது ஆணைவிடப் பன்மடங்கு பெரிது. பிறந்த சில நாள்களில் விந்தகச் சுரப்பு பட்ட எலிமூளை பிற்பாடு ஒருபோதும் பொங்காது. ஆகவே இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது வெறும் சொல்லாசை இல்லை. மூளையிலேயே அவற்றுக்குத் தனித்தனி வீடு இருக்கிறது.

பொங்கலுக்கு நல்ல நேரம் பார்ப்பார்கள். எலியும் பார்க்கிறது. எவரெட்டும் சாயரும் 1950-இல் வெளியிட்ட சோதனையில், அந்தக் குறிப்பிட்ட நாள் பிற்பகல் 2 மணிக்கு எலிக்குப் பார்பிட்டுரேட் மயக்க மருந்து கொடுத்தார்கள். அன்றைய பொங்கல் நின்றது. மருந்து தெளிந்த மாலையில் நடந்திருக்கலாமே? நடக்கவில்லை. மறுநாள் அதே பிற்பகல் வரை காத்திருந்து, சரியாக 24 மணி நேரம் தள்ளி நடந்தது. மூளையின் கடிகாரப் பகுதி அனுமதி தராமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதாது என்று பிறகு விளங்கியது.

ஒன்று பாக்கி. பல்ஸ் ஜெனரேட்டர் என்று ஆங்கிலத்தில் சொல்லும் அந்தக் கீழ்க்கூட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது? 'முறைப்படுத்தி' என்றால் கட்டுப்பாட்டுக் கருவியோடு குழம்பும். மடை திறந்து விடுபவரை நம் ஊரில் மடையன் என்பார்கள் என்று எழுதிவிட்டு நானே அடித்துவிட்டேன். பங்குக் கிணற்றில் முறை சொல்லி ஆளை அழைப்பவருக்கு உங்கள் பக்கம் தனிப்பெயர் உண்டா ஐயா?