புதுப்பிப்பு: மீட்டுச் சுத்திகரித்த ஆர்-22 கொண்டுவரவும் பர்மிட் வேண்டும் (டர்பன்)

வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. பழைய குளிர்பதனக் கருவிகளிலிருந்து மீட்டுச் சுத்திகரித்த ஆர்-22 வாயுவைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம் வழியாக இறக்கப் பர்மிட் தேவையா என்று கேட்டிருந்தேன். தேவைதான். மீட்ட வாயு, ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் நெறிமுறையின் நுகர்வுக் கணக்கில் சேராது; விலக்கு அந்த அளவோடு சரி. அதே நெறிமுறையில் இறக்குமதி, ஏற்றுமதி உரிமம் பற்றிய 4பி பிரிவு புதியது, பழையது, சுத்திகரித்தது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

"முதலில் சுற்றுச்சூழல் துறையின் பரிந்துரை, அப்புறம் ஐடாக்" (இறக்குமதிப் பர்மிட் தரும் அரசு வணிக ஆணையம்) என்ற யோசனைதான் பலித்தது. சரக்கு கப்பலேறும் முன்பே பர்மிட் கையில் இருக்க வேண்டும்.

எதிர்பாராதது, கூடவே வரவிருந்த ஆர்-409ஏ என்ற கலவை வாயு. பெயரில் 22 இல்லாவிட்டாலும் அதில் 60% ஆர்-22, 25% ஆர்-124, 15% ஆர்-142பி, மூன்றுமே எச்.சி.எஃப்.சி. (ஓசோனைக் கெடுக்கும் வாயு வகை). ஆகவே அதற்கும் பர்மிட் வேண்டும். சுங்கக் குறியீடு மட்டும் வேறு: தனி ஆர்-22க்கு 2903.71, கலவைக்கு 3827. இன்வாய்சில் இரண்டையும் ஒரே வரியில் போட்டால் சரக்கு துறைமுகத்திலேயே நின்றுவிடும்.