எங்கள் வீட்டுக் குழு: மாலத்தீவு போவதா, பொறுப்பதா?

*5 ஆகஸ்ட் 2021, வியாழன்*

தம்பி: எல்லோரும் எழுந்தாச்சா? நேற்று ராத்திரி பிரிட்டன் அரசு விட்ட கொரோனா பயண அறிவிப்பைப் பார்த்தீர்களா? இந்தியா, அமீரகம், கத்தார் எல்லாம் ஞாயிறு காலை 4 மணியோடு சிவப்புப் பட்டியலிலிருந்து வெளியே. இனி ஆம்பர், சிவப்புக்கும் பச்சைக்கும் நடு!

அக்கா: மாலத்தீவு?

தம்பி: அது இன்னும் சிவப்புதான். ஆனால் நாம் லண்டனிலிருந்தும் அம்மா அப்பா இந்தியாவிலிருந்தும் போய் அங்கே சந்திக்கப்போவது பிப்ரவரிப் பள்ளி விடுமுறையில்தானே, அதற்குள் மாறிவிடும். துபாய் வழியாக ஒரு டிக்கெட் இருக்கிறது. நேரடி விமானத்தைவிட நல்ல மலிவு, இன்று இரவு வரைதான். போட்டுவிடவா?

நான்: போடாதே. போனைக் கீழே வை.

தம்பி: விலை ஏறினால் என்னைக் கேட்கக் கூடாது சின்னக்கா.

அம்மா: இந்தியா சிவப்பு இல்லை என்றால் நீங்கள் நேராக இங்கேயே வரலாமே? நடுக்கடலில் எதற்குச் சந்திக்க வேண்டும்?

அக்கா: வந்தால் வீடு வீடாகத்தான் சுற்றுவோம் அம்மா. பிள்ளைகளுக்கு இன்னும் ஊசி போடவில்லை. உங்கள் இரண்டு பேரோடு மட்டும் ஓரிடத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

அப்பா: மாலத்தீவு நம்மை விடுவார்களா? மே மாதம் இந்தியர் யாரும் வரக் கூடாது என்றார்களே.

நான்: ஜூலை 15 முதல் திறந்துவிட்டார்கள் அப்பா. கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் எடுத்த, தொற்று இல்லை என்ற பிசிஆர் சோதனை முடிவு வேண்டும். உங்கள் பக்கம் அவ்வளவு சிக்கல் இல்லை. சிக்கல் எல்லாம் நாங்கள் திரும்பி பிரிட்டனுக்குள் வருவதில்தான்.

அத்தான்: அந்தச் சிக்கலின் விலையைச் சொல்கிறேன். சிவப்பு நாட்டிலிருந்து வந்தால் அரசு சொல்லும் ஓட்டலில் 10 நாள் அடைபட வேண்டும். இதுவரை ஒருவருக்கு 1,750 பவுண்டு, 12ஆம் தேதி முதல் 2,285. கூட ஒரு பெரியவர் இருந்தால் 650 ஆக இருந்தது 1,430 ஆகிறது. எனக்கும் உங்கள் அக்காவுக்கும் மட்டும் 3,715 பவுண்டு. பிள்ளைகள் கணக்கு தனி.

தம்பி: 😳

அத்தான்: தங்கும் விடுதியைவிடத் தனிமை ஓட்டல் செலவு அதிகம். கடல்கூடத் தெரியாது.

தம்பி: பிப்ரவரியில் சிவப்பாக இருந்தால் ரத்து செய்துவிடலாமே? பணம் திரும்ப வராதா?

நான்: நம் டிக்கெட்டின் உயிர்நிலையே அங்கேதான் இருக்கிறது. ரத்து செய்வது யார் என்று பார். விமான நிறுவனமே ரத்து செய்தால் 7 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், வவுச்சர்தான் தருவேன் என்று கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் விமானம் பாதி காலியாகவாவது பறந்துவிட்டால்? சிவப்பு என்பதால் நாம் ஏறவில்லை என்றால் அது நம் முடிவு. தேதியை மாற்றிக்கொள் என்பார்கள். புதுத் தேதியில் விலை கூடினால் அதுவும் நம் தலையில்.

அக்கா: அந்த மலிவு டிக்கெட்டை விற்பது விமான நிறுவனமா, வேறு யாராவதா?

தம்பி: ஒரு ஆன்லைன் ஏஜென்ட்.

அத்தான்: அப்படியானால் வேண்டவே வேண்டாம். என் ஆபீஸில் ஒருவர் போன வருடம் அப்படி ஒன்றில் மாட்டினார். விமான நிறுவனம் ஏஜெண்டைக் கேள் என்றது, ஏஜெண்ட் விமான நிறுவனம் இன்னும் பணம் அனுப்பவில்லை என்றான். மாதக்கணக்கில் இப்படியே ஓடியது.

நான்: துபாயும் ஒரு கூடுதல் ஆபத்து. பிரிட்டனுக்கு வருவதற்கு முந்தைய 10 நாளுக்குள் சிவப்பு நாட்டில் விமானம் மாறியிருந்தாலே தனிமை ஓட்டல்தான். அமீரகம் ஜனவரியிலிருந்து இப்போது வரை சிவப்பாகத்தானே இருந்தது? நேரடி விமானத்தில் ஒரு நாட்டின் தலைவிதியைப் பார்த்தால் போதும், இதில் இரண்டு.

தம்பி: பச்சையாக இருக்கும் தீவு ஏதாவது? பார்படோஸ்?

அக்கா: பச்சையை நம்பியா? ஸ்பெயினின் மயோர்க்கா தீவு ஜூன் 30 அன்று பச்சை, ஜூலை 19 அன்று ஆம்பர். பிப்ரவரிக்கு இன்றைய நிறம் எதற்கும் உதவாது. தவிர, அம்மாவும் அப்பாவும் பார்படோஸ் வரை பறப்பதா?

அம்மா: அது எங்கே இருக்கிறது?

அப்பா: கரீபியன். கிரிக்கெட் ஆடுவார்களே, அங்கே.

நான்: என் யோசனை, விமானமும் விடுதியும் சேர்ந்த பேக்கேஜ். ஏற்பாட்டாளர் ரத்து செய்தால் 14 நாளுக்குள் முழுப் பணமும் தர வேண்டும் என்று 2018 விதியே இருக்கிறது. அட்டால் என்ற பிரிட்டன் பயணப் பாதுகாப்புத் திட்டத்தின் சான்றிதழ் இருந்தால் கம்பெனி மூழ்கினாலும் பணம் தப்பும். கட்டுவது கிரெடிட் கார்டில். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையான பொருளுக்கு, 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி கார்டு வங்கியும் பொறுப்பு.

அப்பா: ஒரு சந்தேகம். பேக்கேஜ் என்றால் சிவப்புக்கும் பணம் வருமா?

நான்: அப்பாதான் சரியான இடத்தில் பிடித்தார். தானாக வராது. பட்டியல் போடுவது போக்குவரத்துத் துறையின் அறிவிப்பு. அவசியமின்றிப் போகாதீர்கள் என்று எச்சரிப்பது வெளியுறவுத் துறை. கம்பெனிகளும் காப்பீடும் பெரும்பாலும் பார்ப்பது இரண்டாவதைத்தான். எச்சரிக்கை இல்லாமல் வெறும் சிவப்பாக மட்டும் இருந்தால் நடுவில் தொங்குவோம்.

அத்தான்: அதை நான் கேட்டு எழுத்தில் வாங்குகிறேன். போனில் சொல்வதெல்லாம் காற்றோடு போய்விடும். மீதிப் பணம் கட்டும் கடைசித் தேதியும் வேண்டும். முன்பணத்தை மட்டும் இழப்பது வேறு, மொத்தத்தையும் இழப்பது வேறு.

தம்பி: அப்படியே கடல் விமானம் பேக்கேஜில் சேர்த்தியா என்று கேளுங்கள் அத்தான். அது பகலில் மட்டும்தான் பறக்கும். மாலத்தீவுத் தலைநகர் மாலேயில் பொழுது சாய்ந்து இறங்கினால் அங்கேயே ஒரு இரவு தங்க வேண்டிவரும்.

நான்: அட, நீயும் உருப்படியாகப் படித்திருக்கிறாய்.

*17 செப்டம்பர் 2021, வெள்ளி*

தம்பி: மாலத்தீவு வெளியே!!! 🏝️ புதன் 22, காலை 4 மணி முதல். இலங்கை, துருக்கி, பாகிஸ்தான், வங்கதேசம், எகிப்து, கென்யா, ஓமன் எல்லாமே சேர்ந்து.

அக்கா: அக்டோபர் 4 முதல் பச்சை, ஆம்பர் பேச்சே கிடையாதாம். சிவப்பு ஒன்றுதான் மிச்சம்.

தம்பி: விலையைப் பார்த்தீர்களா? ஆகஸ்டிலேயே போட்டிருக்கலாம்.

நான்: ஏறித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் ஏஜெண்டிடம் அந்த டிக்கெட்டை வாங்கியிருக்க மாட்டேன்.

அம்மா: அப்படியானால் நாங்கள் லண்டனுக்கே வந்துவிடலாமா? பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் பார்க்கலாம்.

அத்தான்: இப்போதைக்குக் கஷ்டம் அத்தை. இந்தியாவில் போட்ட ஊசியை இவர்களின் பட்டியலில் சேர்க்கவில்லை. ஊசியே போடாதவர் கணக்கில் வைத்து 10 நாள் வீட்டுக்குள் இருக்கச் சொல்வார்கள்.

அப்பா: ஆக்ஸ்ஃபோர்டில் கண்டுபிடித்து புனேயில் தயாரான அதே மருந்துதானே? அங்கே போட்டால் செல்லும், இங்கே போட்டால் செல்லாதா?

அத்தான்: நியாயமான கேள்வி மாமா. பதில் என்னிடம் இல்லை.

அக்கா: அப்போது தீவுதான். முடிவு செய்வோமா?

அத்தான்: மூன்று கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டேன். ஒன்று மட்டும் தெளிவாக எழுதியிருக்கிறது: கிளம்பும் சமயத்தில் மாலத்தீவு சிவப்பில் இருந்தால் முழுப் பணம், அல்லது இலவசமாகத் தேதி மாற்றம். நேரடி விமானம், கடல் விமானம் சேர்த்தி. மற்ற இரண்டைவிட விலை கொஞ்சம் அதிகம்.

நான்: அந்தக் கொஞ்சம்தான் நமக்குக் காப்பீடு. என் ஓட்டு அதற்கு.

தம்பி: என்னுடையதும். சத்தியமாக.

அம்மா: மாப்பிள்ளை சொன்னால் சரி.

அத்தான்: முன்பணம் கட்டிவிட்டேன். அட்டால் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தாச்சு, எல்லோருக்கும் அனுப்புகிறேன். மாமா, உங்கள் டிக்கெட்டை விமான நிறுவனத்தின் தளத்திலேயே, தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள்.

அப்பா: எடுக்கிறேன். நாங்கள் முதலில் இறங்கினால் உங்களுக்குக் காத்திருக்க வேண்டுமா?

நான்: எங்கள் விமானம் காலையிலேயே வந்துவிடும். நீங்கள் மதியத்துக்குள் இறங்குகிற மாதிரி பாருங்கள், ஒன்றாகவே கடல் விமானம் ஏறலாம்.

அக்கா: ஐயோ, சின்னவன் பாஸ்போர்ட் ஜனவரியோடு முடிகிறது!

நான்: புதுப்பிக்க 10 வாரம் ஆகலாம் என்று போட்டிருக்கிறார்கள். இன்றே விண்ணப்பித்துவிடு.

அக்கா: போட்டோ எடுக்க அவன் ஓரிடத்தில் நிற்க வேண்டுமே. தம்பி, கொஞ்சம் இந்தப் பக்கம் வருகிறாயா?

தம்பி: கிளம்பிவிட்டேன்.